கொடுமைக்கு ஆளாகி, பிறகு கொலைக் குற்றவாளியானவர்களை ஆவணப்படத்தில் பேச வைப்பது சரியா?

கேட்டவர் விஸ்காம் படிக்கும் மாணவி. ஜிப்சி ரோஸ் பிளான்சார்டைப் பற்றி வந்த ஆவணப்படங்களைப் பார்த்துவிட்டு இப்படிக் கேட்டிருக்கிறார்: சொந்த வீட்டில் வருடக்கணக்கில் கொடுமை அனுபவித்தவர், அந்தக் கொடுமையைச் செய்தவரைக் கொன்ற வழக்கில் தண்டனை பெறுகிறார். அவரை உட்கார வைத்துப் பேட்டி எடுத்து உலகத்துக்கே காட்டுவது நியாயமா? கொலையில் பங்குள்ள ஒருவரை நட்சத்திரமாக்குவதில்தானே அது போய் முடியும்?

பேச வைக்கலாம், சில நேரங்களில் பேச வைத்தே ஆக வேண்டும் என்பது என் பதில். நீதிமன்றம் கேட்காமல் விட்டதை ஒரு படம் வெளியே கொண்டு வருகிறது என்றால் அதற்கு நியாயம் இருக்கிறது. புதிதாகக் கொண்டுவர எதுவும் மிச்சமில்லை, அந்த ஆளின் முகமும் வலியும்தான் சரக்கு என்று ஆகும்போது அந்த நியாயம் தீர்ந்துவிடுகிறது. ஒரே ஆளைப் பற்றிய படங்களில்கூட இந்த இரண்டு வகையும் இருக்கும். ஜிப்சி ரோஸ் விஷயத்தில் இரண்டும் இருப்பதால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

வழக்கு தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். டீடீ பிளான்சார்டும் மகள் ஜிப்சியும் 2005 கத்ரீனா புயலுக்குப் பிறகு லூசியானாவிலிருந்து மிசௌரி மாநிலத்துக்கு வந்தவர்கள். ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி என்ற தொண்டு நிறுவனம் சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளம் வைத்து அவர்களுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தது. மகளுக்கு ரத்தப் புற்றுநோய், தசைச் சிதைவு, வலிப்பு என்று தாய் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். உண்மையில் அந்தப் பெண்ணால் எழுந்து நடக்க முடியும். புற்றுநோய் என்று நம்ப வைக்கத் தாய் அவர் தலையை மழித்து வந்தார். வயிற்றில் குழாய் வைத்து உணவு செலுத்தப்பட்டது. உமிழ்நீர்ச் சுரப்பிகளை அறுவை செய்து எடுத்தார்கள். பற்கள் போயின. வயதையும் குறைத்தே சொல்லி வந்ததால் தன் சரியான வயதுகூட ஜிப்சிக்குத் தெரியவில்லை.

2015 ஜூனில் டீடீ அந்த வீட்டிலேயே குத்திக் கொல்லப்பட்டுக் கிடந்தார். குத்தியவர் நிக்கோலஸ் கோடெஜான், ஜிப்சி இணையத்தில் பழகிய இளைஞர். ஜிப்சிக்கு அப்போது 23 வயது. கொலை நடந்தபோது குளியலறையில் காதைப் பொத்திக்கொண்டு இருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். திட்டத்தில் தனக்குப் பங்கு இருந்ததையும் ஒப்புக்கொண்டார். 2016-இல் இரண்டாம் நிலைக் கொலைக் குற்றத்தை ஏற்று 10 ஆண்டு தண்டனை பெற்றார், 2023 டிசம்பர் 28 அன்று பரோலில் வெளியே வந்தார்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனை வாங்கும் ஏற்பாட்டில் ஜிப்சியின் வழக்கு முடிந்தது. அதனால் அவருக்கென்று முழு விசாரணை நடக்கவில்லை. அரசு வழக்கறிஞரும் கொடுமையைக் கணக்கில் எடுத்துத்தான் இறங்கி வந்தார், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விசாரணை இல்லை என்றால் சாட்சிக் கூண்டும் இல்லை. இத்தனை வருடம் மருந்து எழுதிக் கொடுத்தவர்கள், அறுவை செய்தவர்கள், வந்து பார்த்துவிட்டுப் போன போலீஸ்காரர்கள் யாரும் அவர் வழக்கில் ஏறிப் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

2016-இல் வந்த நீண்ட பத்திரிகைக் கட்டுரையும், 2017-இல் ஹெச்பிஓ வெளியிட்ட ஆவணப்படமும் அந்த இடத்தைத்தான் நிரப்பின. ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் 2007-லேயே சந்தேகப்பட்டிருக்கிறார். ஸ்கேன் பார்த்தார், அந்தப் பெண் நடக்காமல் இருக்க எந்தக் காரணமும் அவருக்குத் தெரியவில்லை. முன்பு பார்த்த மருத்துவர்களிடம் விசாரித்தார், தசைச் சிதைவுக்கான பரிசோதனையில் ஒன்றும் வரவில்லை என்று தெரிந்தது. தாயே மகளை நோயாளியாக்குகிறாரோ என்று தன் குறிப்பிலும் எழுதினார். அதோடு சரி. குழந்தைகள் நலத் துறைக்குப் புகார் போகவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பெயர் சொல்லாத ஒருவர் போலீசுக்குத் தகவல் கொடுத்தார். போலீஸ் வீட்டுக்கு வந்தது. கொடுமைக்காரக் கணவனிடமிருந்து ஒளிந்து வாழ்வதால்தான் விவரங்களை மாற்றிச் சொல்கிறேன் என்றார் டீடீ. போலீஸ் நம்பித் திரும்பிப் போனது.

இதெல்லாம் வெளியே தெரிந்ததில் யாருக்கு என்ன நஷ்டம்? இன்று ஒரு குழந்தைகள் மருத்துவர் தன் குறிப்பில் அப்படி ஒரு வரி எழுதும்போது இந்த வழக்கு அவர் நினைவுக்கு வந்தால் அதைவிடப் பெரிய பயன் இருக்க முடியாது. இன்னொன்றுக்காகவும் அந்த 2017 படத்தை மதிக்கிறேன். போலீஸ் விசாரணை அறையில் ஜிப்சி முதலில் எதுவும் தெரியாதவர் போல அழுது மறுக்கும் காட்சியை வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். பொய் சொல்லியே வளர்க்கப்பட்ட ஒரு பெண் அங்கேயும் பொய் சொல்கிறார். அதை மறைத்து அவரைச் சுத்தமான அப்பாவியாகக் காட்டியிருந்தால், கொடுமை அவரை என்னவாக ஆக்கியிருந்தது என்பதே நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

குடும்ப வன்முறை வழக்குகளில் சட்ட உதவி செய்யும் பக்கம் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். அடிபட்டவர்கள் கதையை வரிசையாகச் சொல்ல மாட்டார்கள். முதல் நாள் வந்து உட்காரும் பெண், குழம்பில் உப்பு இல்லை என்று அடித்ததைச் சொல்வார். அதையும் சிரித்துக்கொண்டே சொல்வார். பெரிய விஷயம் எத்தனையோ சந்திப்புகள் கழித்து, கிளம்பும் நேரத்தில், கதவருகே நின்றுகொண்டு வெளியே வரும். தேதி மாறும், முன்னுக்குப் பின் முரணாகவும் இருக்கும். எடிட்டிங் மேசையில் உட்காருபவருக்கு இது தொல்லை. அவருக்குத் தொடக்கம், உச்சம், விடுதலை என்று ஒரு கோடு வேண்டும். அந்தக் கோட்டுக்குப் பொருந்தாத சிரிப்பை, முரணை, கோபத்தை அவர் வெட்டுவார். நன்றாகத்தான் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டே வெட்டுவார். கடைசியில் பார்ப்பவர்களுக்குக் கிடைப்பது குறையே இல்லாத ஒரு பாதிக்கப்பட்டவர். அதே ஆள் நாளைக்கு நிஜ வாழ்க்கையில் ஒரு தப்புச் செய்யும்போது, நம்மை ஏமாற்றிவிட்டார் என்று அத்தனை பேரும் கொதிப்பார்கள்.

மெனெண்டஸ் சகோதரர்கள் வழக்கில் நீதிமன்றம் கேட்காமல் விட்டது இன்னும் வெளிப்படையானது. 1989 ஆகஸ்டில் பெவர்லி ஹில்ஸ் வீட்டில் லைல், எரிக் இருவரும் பெற்றோரைச் சுட்டுக் கொன்றார்கள். தந்தை தங்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார் என்று முதல் விசாரணையில் சாட்சி சொன்னார்கள். அது தொலைக்காட்சியில் ஓடியது. அன்றைய நகைச்சுவை நிகழ்ச்சிகள் அதை வைத்துக் கேலி செய்தன. ஆண்பிள்ளைகளுக்கு அப்படி நடக்கும் என்பதை நம்பவே நிறையப் பேர் தயாராக இல்லாத காலம். ஆளுக்கொன்றாக இருந்த இரண்டு ஜூரிகளும், அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுக்களும், ஒருமித்த முடிவுக்கு வர முடியாமல் முதல் விசாரணை கலைந்தது. இரண்டாவது விசாரணையில் கேமராவுக்கு அனுமதி இல்லை, கொடுமை பற்றிய சாட்சியத்தில் பெரும்பகுதியை நீதிபதி அனுமதிக்கவும் இல்லை. 1996-இல் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை கிடைத்தது.

அப்புறம் 2023-இல் ஓர் ஆவணத்தொடர் வந்தது. மெனுடோ என்ற இசைக்குழுவில் சிறுவயதில் பாடிய ராய் ரோசெய்யோ, சகோதரர்களின் தந்தை ஹோசே மெனெண்டஸ் தன்னையும் வன்கொடுமை செய்தார் என்று அதில் சொன்னார். குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த குரல் அது. மறுபரிசீலனை கேட்டுச் சகோதரர்களின் வழக்கறிஞர்கள் போட்ட மனுவில் அதுவும் இடம்பெற்றது. 2024-இல் நெட்ஃப்ளிக்ஸ் ஆவணப்படத்தில் இருவரும் சிறையிலிருந்து தொலைபேசியில் பேசினார்கள். 2025 மே மாதம் தண்டனை மாற்றி எழுதப்பட்டு, பரோல் கேட்கும் தகுதி கிடைத்தது. ஆகஸ்டில் பரோல் வாரியம் இருவருக்கும் மறுத்தது. சிறைக்குள் விதியை மீறிக் கைபேசி வைத்திருந்தது உட்படப் பல விஷயங்களை வாரியம் எடுத்துப் பேசியது. அந்த மறுப்பு சரியா தவறா என்பது வேறு பேச்சு. படம் வந்தால் சிறைக் கதவு தானாகத் திறந்துவிடும் என்று பயப்படுபவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். படம் ஒரு கேள்வியை மறுபடி எழுப்பலாம், முடிவை அந்தந்த அமைப்புதான் எடுத்தது.

சரி, தவறு எங்கே நடக்கிறது?

என்னை மிகவும் உறுத்துவது சிந்தோயா பிரவுனுக்கு நடந்தது. 2004-இல் நாஷ்வில்லில், பணம் கொடுத்துத் தன்னை அழைத்துப் போன 43 வயது ஆளைச் சுட்டுக் கொன்றபோது அவருக்கு 16 வயது. ஒருவன் அவரை அடித்து மிரட்டிப் பாலியல் தொழிலில் தள்ளியிருந்தான். வயது வந்தவராக நடத்தி விசாரித்து ஆயுள் தண்டனை கொடுத்தார்கள், பரோல் கேட்கவே 51 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். கைதான கொஞ்ச நாளிலேயே ஓர் ஆவணப்பட இயக்குநர் கேமராவோடு உள்ளே போய்விட்டார். அந்தப் படம் 2011-இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வந்தது. அவர் பெயரை வெளியே கொண்டு போனதில் அதற்குப் பங்கு உண்டு, அதை மறுக்க மாட்டேன். பிறகு பிரபலங்கள் குரல் கொடுத்தார்கள், ஆளுநர் கருணை காட்டினார், 2019 ஆகஸ்டில் சிந்தோயா வெளியே வந்தார்.

அடுத்த வருடமே அதே பழைய காட்சிகளை வைத்து நெட்ஃப்ளிக்ஸில் இன்னொரு படம் வந்தது. அதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை, தன் அனுமதி இல்லாமல் எடுக்கப்பட்டது என்று சிந்தோயா பொதுவெளியில் சொன்னார். அப்போது அவருக்கு 32 வயது. தன் கதையைத் தன் வாயால் புத்தகமாகவும் சொல்லி முடித்திருந்தார். ஆனாலும் காவலில் கலங்கி உட்கார்ந்திருந்த 16 வயதுப் பெண்ணின் முகம்தான் உலகம் முழுக்க மறுபடி ஓடியது.

கைதி கொடுக்கும் சம்மதத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதில் எனக்குப் பெரிய தயக்கம் உண்டு. உள்ளே இருப்பவருக்கு வெளியுலகத்தோடு பேச வேறு வழி இல்லை. கேமராவோடு வருகிறவர் கடைசி நம்பிக்கை மாதிரித் தெரிவார். அதிலும் சின்ன வயதிலிருந்து பெரியவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டினால்தான் அடி விழாது என்று பழகியவர், கையெழுத்துப் போடு என்றால் போட்டுவிடுவார். சட்டப்படி அந்தக் காகிதம் செல்லும். படம் எடுப்பவர் அதோடு நின்றுவிடக் கூடாது. எடிட் முடிந்ததும் மறுபடி கேட்க வேண்டும், விடுதலையான பிறகு மறுபடி கேட்க வேண்டும். பல வருடம் கழித்துப் பழைய காட்சியை எடுக்கிறோம் என்றால் கண்டிப்பாகக் கேட்க வேண்டும்.

ஜிப்சியும் இதைச் சொன்னவர்தான். 2019-இல் ஹுலு தளம் அவர் கதையை நடிகர்களை வைத்து நாடகத் தொடராக எடுத்தபோது, தன் நிஜப் பெயரையும் வாழ்க்கையையும் தன் சம்மதமில்லாமல் எடுத்துக்கொண்டார்கள் என்று சிறையிலிருந்தே எதிர்ப்புத் தெரிவித்தார். அதில் தாயாக நடித்தவருக்கு எம்மி விருது கிடைத்தது.

அடுத்து, படத்தில் இல்லாதவர்கள். டீடீக்குக் குழந்தையை நோயாளியாக்கும் மனநோய், அதாவது முன்சாசன் பை ப்ராக்ஸி, இருந்தது என்று எல்லாப் படமும் தீர்ப்புப் போலச் சொல்கிறது. எந்த மனநல மருத்துவரும் அவரை அதற்காகப் பரிசோதித்ததில்லை. அவர் செய்த கொடுமைக்கு மருத்துவ ஆவணங்களே சாட்சி, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஏன் செய்தார் என்பதற்கு ஒரு நோயின் பெயரை ஒட்டிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடுகிறது. பதில் சொல்ல அவரும் இல்லை. இறந்தவர் எவ்வளவு மோசமானவராக இருந்தாலும், அவரைப் பற்றித் தெரிந்ததையும் ஊகத்தையும் பிரித்துக் காட்டும் கடமை படமெடுப்பவருக்கு உண்டு.

நிக்கோலஸ் கோடெஜானைப் பற்றி யோசித்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர். 2018 நவம்பரில் முதல் நிலைக் கொலைக் குற்றவாளி என்று ஜூரி சொன்னது, அடுத்த ஆண்டு பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. அந்த விசாரணையில் ஜிப்சியே சாட்சி சொல்ல வந்து, கொலைக்குத் தான்தான் அவரைப் பேசிச் சம்மதிக்க வைத்ததாகச் சொன்னார். கத்தியைப் பிடித்தது கோடெஜான், அதை லேசாக்க முடியாது. இருந்தாலும் ஒருவருக்கு மேடை கிடைத்து, இன்னொருவர் அந்த மேடைக் கதையில் வெறும் ஆயுதமாகச் சுருங்கிவிடுகிறார். கொடுமை ஒரு மனதை எப்படி வளைக்கிறது என்று மணிக்கணக்கில் பேசும் படங்கள், வளர்ச்சிக் குறைபாடுள்ள ஒரு மனதை இன்னொருவர் எப்படி வளைக்க முடியும் என்பதற்கும் அதே பொறுமையைக் காட்டியிருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றியும் கேட்பீர்கள். நியூயார்க் மாநிலம் 1977-இல் ஒரு சட்டம் கொண்டு வந்தது. குற்றவாளி தன் குற்றக் கதையை விற்றால் அந்தப் பணம் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஒதுக்கப்பட வேண்டும். பேச்சுரிமைக்கு விரோதம் என்று 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிறகு மாநிலம் வேறு வடிவத்தில் சட்டத்தைத் திருத்தி எழுதியது. பிரிட்டனில் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் விதி கடுமையானது: தண்டனை பெற்றவர் தன் குற்றத்தைப் பற்றி நிகழ்ச்சியில் பேசுவதற்குப் பணம் தரக் கூடாது, பொதுநலன் இருந்தால் மட்டும் விலக்கு. எனக்கு பிரிட்டன் விதி பிடிக்கும். ஆனால் அதில் ஒரு நெருடல் இருக்கிறது. பேசுகிறவருக்குக் கொடுக்கக் கூடாது என்கிறோம். தயாரிப்பாளர், இயக்குநர், தளம் எல்லோரும் சம்பாதிக்கிறார்கள். பல வருடம் கழித்துக் கையில் வேலையும் படிப்பும் இல்லாமல் வெளியே வருகிற பெண் மட்டும் காசு வாங்கினால் அது பாவம் என்பது எனக்கு ஒப்பவில்லை. கதைக்குக் கூலி கொடுக்காமல், சிகிச்சைக்கும் தங்குமிடத்துக்கும் ஒரு பொது நிதி வழியாக உதவலாம் என்பது என் எண்ணம்.

ஜிப்சி வெளியே வந்த ஒரே வாரத்தில் லைஃப்டைம் சேனலில் அவருடைய சிறைப் பேட்டித் தொடர் ஓடத் தொடங்கியது, அவரும் நியூயார்க்கில் சிவப்புக் கம்பளத்தில் நின்றார். பல லட்சம் பேர் சமூக ஊடகத்தில் பின்தொடர்ந்தார்கள். கொலையைப் பற்றிய மீம்கள், கைதட்டல்கள். மார்ச் மாதம் அவர் இன்ஸ்டாகிராம் கணக்கை அழித்தார். ஜூனில் விடுதலைக்குப் பிந்தைய வாழ்க்கையைப் பற்றி இன்னொரு தொடர் வந்தது. அதில் திருமண முறிவும் மூக்கு அறுவையும் இருந்தன. நீதிமன்றம் கேட்காத எதுவும் அதில் இல்லை. சிறுவயது முழுக்கத் தொண்டு நிறுவனங்களின் கேமராவுக்கு முன்னால் நோயாளியாகச் சிரிக்க வைக்கப்பட்ட ஒருவர் அவர். அவரை மறுபடியும் கேமரா முன்னால் உட்கார வைக்கும்போது, இது அவருக்கு நல்லதா என்று கேட்க அந்த அறையில் சம்பளம் வாங்காத ஒருவராவது இருந்திருக்க வேண்டும். அவர் வயது வந்தவர், அவர் முடிவு அவருடையது என்பார்கள். உண்மைதான். கேட்டது தளம், லாபம் பார்த்ததும் தளம், அதனால் பொறுப்பையும் அங்கேதான் வைக்கிறேன்.

நம் ஊரில் இந்தப் பேச்சை எடுத்தால் 2015-இல் டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கின் குற்றவாளி பேசிய ஆவணப்படத்தையும் அதற்கு வந்த தடையையும்தான் பலர் நினைக்கிறார்கள். அது வேறு. அங்கே பேசியவர் கொடுமையைச் செய்தவர். இங்கே கேள்வி, கொடுமையைத் தாங்கியவர் குற்றத்தைச் செய்ததைப் பற்றியது. நம் நீதிமன்றங்களுக்கு அது புதிதும் இல்லை. கணவனின் கொடுமை தாங்காமல் குழந்தைகளோடு கிணற்றில் குதித்து, குழந்தைகள் இறந்து தான் மட்டும் பிழைத்த ஒரு பெண்ணின் வழக்கில், திடீரென மூளும் கோபத்தைப் போலவே நாள்பட்டுச் சேரும் ஆத்திரத்தையும் தண்டனையைக் குறைக்கும் காரணமாக ஏற்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1989-லேயே சொன்னது. நல்லதங்காள் கதையின் பெயரால் அந்த மனநிலையைக் குறிப்பிட்டார்கள். இங்கிலாந்தில், கொடுமைப்படுத்திய கணவரைக் கொன்ற கிரண்ஜித் அலுவாலியாவின் மேல்முறையீடு வெற்றி பெற்றது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து.

நீங்கள் பாடத்துக்காக ஒரே ஒரு வழக்கை எடுத்துப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் சாலி சாலன் வழக்கைப் பாருங்கள். பல ஆண்டுகள் தன்னைக் கட்டுப்படுத்தி ஒடுக்கிய கணவரை 2010-இல் இங்கிலாந்தில் சுத்தியலால் அடித்துக் கொன்றவர். கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானது 2011-இல். வாழ்க்கைத் துணையைக் கட்டுப்படுத்தி ஒடுக்குவது தனிக் குற்றம் என்ற சட்டம் இங்கிலாந்தில் 2015 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய தீர்ப்பை ரத்து செய்தது. சில மாதங்களில் அவர் வீடு திரும்பினார். பிபிசி அதைப் பற்றி ஆவணப்படம் எடுத்தது. தாய்க்காக மேடை மேடையாகப் பேசியவர் இளைய மகன் டேவிட். இறந்தது அவருடைய அப்பா.

நீங்களே படம் எடுக்கும் நாள் வந்தால், கேமராவை எடுப்பதற்கு முன்னால் இறந்தவரின் பிள்ளைகளையும் கூடப்பிறந்தவர்களையும் போய்ப் பாருங்கள், பேச மாட்டேன் என்று கதவைச் சாத்துபவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மருத்துவமனைக் குறிப்பு, பள்ளிப் பதிவு, போலீஸ் புகார் என்று காகிதமாக என்ன கிடைக்கிறதோ அதைச் சேருங்கள். கூட்டுக் குற்றவாளி யாராவது உள்ளே இருந்தால் அவருக்கும் கடிதம் எழுதுங்கள். சிறையில் இருப்பவரைக் கடைசியாகப் பேட்டி எடுங்கள். அதற்குள் நீங்கள் சேர்த்திருக்கும் காகிதத்துக்கு முன்னால் அவர் சொல்வதை வைத்துப் பார்க்க முடியும். காகிதம் எங்கே மௌனமாக இருக்கிறதோ அங்கே அவரை நிறையப் பேச விடுங்கள், நடுவில் பேசாதீர்கள்.